ஆழம் அறிதல்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் நாட்டார் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எம் ஊராகிய வாலாஜாபாத் பாலாற்றின் கரையில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாறு மணற்பரப்பாகவே கிடக்குமாதலின், இப்பழமொழியின் பொருளை எம்மூர்ச் சிறுவர் எளிதில் உணர்வதில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அது பெருவெள்ளமாய் வந்தபோதுதான், நீரின் மேற்பரப்பை நோக்கி அதன் ஆழத்தை மதித்தல் இயலாதென்பதை யாம் கண்டோம். ஆற்றுக்கே இஃது உண்மையாயின், உடலினுள் மறைந்து வளரும் நோய்க்கு எத்துணை உண்மையாகும்! சென்ற ஆண்டு எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றால் இதனை யாம் நன்கு அறிய நேர்ந்தது. அதனை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். பெண்பாலார்க்குரிய நோயொன்றைப் பற்றி ஆண்மகனாகிய மாணவன் ஒருவன் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். எழுதாமை தகாதென்பதே எம் துணிபு. அதன் காரணம் போகப் போக விளங்கும்.

எம் தந்தையாரின் தமக்கையாருக்கு அகவை அறுபத்திரண்டு. ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய அயலூர்களிற் போலவே எம் தெருவிலும் பட்டுத்தறியின் ஓசை விடியுமுன் எழும். கோர்வைச் சேலை நெய்வதற்குத் தறியில் இருவர் வேண்டும். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்து இழைகளால் நெய்யப்பெற்று, ஊடைதோறும் கோத்து இணைக்கப்படுமாதலின், ஒருவர் கையால் அஃது எளிதில் முற்றுப்பெறாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாமாவுக்கு இணையாக அத்தறியில் அமர்ந்தவர் எம் அத்தையே. எமது கல்லூரிச் சம்பளத்தில் ஒரு பகுதி அவர்தம் கைக்கூலி என்பதையும் இங்கு மறைக்க விரும்பவில்லை.

அவருக்கு மாதவிடாய் நின்று பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நாள் மீண்டும் உதிரம் கண்டது. அவர் அதனை ஒருவரிடத்தும் கூறவில்லை. உடற்சூடு என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, வெந்தயமும் மோரும் உண்டு, ஐந்து திங்கள் வாளா இருந்தார். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், எம் சபை ஆயரின் மனைவியாரிடம் மெல்லச் சொன்னார். அவ்வம்மையார் ஒரு நாளும் தாழ்க்கவில்லை. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

முதலிற் சென்ற சிறு மருத்துவமனையில், சோதனை ஒன்றும் செய்யாமலே, "வயதாகிவிட்டது, கருப்பையை எடுத்துவிடலாம்; வியாழக்கிழமை வாருங்கள்" என்றனர். மாமாவுக்கு அது பெரிதும் உவப்பாயிற்று. வேண்டாத உறுப்பை அறுத்தெறிந்தால் தொல்லை தீர்ந்ததென்பது அவர் கருத்து. ஆயரின் மனைவியாரோ உடன்படவில்லை. அவர் வற்புறுத்தியதனால் சென்னையிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு யாம் சென்றோம். அங்கே பெண்நோய் மருத்துவராகிய அம்மையார் ஒருவர், எம்மை அமரவைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் கூறியவற்றையும், பின்னர் யாம் நூல்களிற் கற்றவற்றையும் சேர்த்தே கீழே எழுதுகின்றோம்.

மாதவிடாய் நின்றபின் உதிரம் காணும் பெண்கள் பதின்மரில் ஏறக்குறைய ஒருவருக்கே கருப்பை அகப்படலத்தில் புற்றுநோய் இருக்கும்; ஏனையோர்க்குக் காரணம் வேறாகும். ஆயின், அப்புற்றுநோய் உற்ற பெண்களை எடுத்துக்கொண்டால், அவருள் பதின்மரில் ஒன்பதின்மர்க்கு இவ்வுதிரப்போக்கு முன்னறிகுறியாய் நிற்கும். ஆதலின் உதிரம் கண்டவுடன் நடுங்குதலும் வேண்டா. அதனை மறைத்தலும் கூடாது. உடற்பருமன், நீரிழிவு, மகப்பேறின்மை, சில குடும்பங்களில் வழிவழி வரும் மரபணுக்குறை ஆகியவை இந்நோய்க்கு இடந்தருவன. எம் அத்தைக்கு நீரிழிவு இருந்தது, மக்கட்பேறு வாய்க்கவில்லை.

முதற்சோதனை ஒலியலைகொண்டு செய்யும் ஸ்கேன். கிளாஸ்கோ நகரத்து இயான் டொனால்டு என்னும் மருத்துவர், வயிற்றினுள் இருப்பனவற்றை ஒலியலையாற் காணும் முறையை 1958ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். இன்று அக்கருவி நம் சிற்றூர்களிலும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்ணின் கருப்பை அகப்படலம் மெலிந்திருத்தல் இயல்பு. அது நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படாதாயின் புற்று இருத்தல் மிக அரிது. எம் அத்தைக்கு அது பதினான்கு மில்லிமீட்டர் இருந்தது. பின்னர் அப்படலத்திற் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தனர். புற்றே என்று முடிவாயிற்று. எனினும் மெல்ல வளரும் வகையது என்றனர்.

அத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் அதனைப் படிக்க வல்லார் யாம் ஒருவரே. "தம்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது? ஒளிக்காமல் சொல்" என்றார் அத்தை. இரண்டாண்டாகத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் கற்ற எமக்கு, அவர்முன் 'கருப்பை' என்னும் ஒரு சொல்லை வாய்விட்டுக் கூற நா எழவில்லை. 'அவ்விடம்' என்றும் 'அடிவயிறு' என்றும் தடுமாறினோம். அத்தை சிறிது நேரம் எம்மை நோக்கியிருந்து, "கருப்பை என்று சொல்லேனப்பா. நீ இருந்து வந்த இடந்தானே அது?" என்றார். யாம் வெட்கித் தலைகுனிந்தோம். சொல்லுக்கே அஞ்சுகின்ற நாட்டில் நோயை யார் வாய்விட்டுக் கூறுவர்?

புற்றென்று துணிந்தபின் அறுவைக்கு நாள் குறிப்பர் என்று யாம் எண்ணியிருக்க, மருத்துவ அம்மையார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்றும், மார்பு வயிறு இவற்றுக்குச் சி.டி. ஸ்கேன் ஒன்றும் எடுத்து வருமாறு பணித்தார். மாமா சினந்தார். "நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, வெட்டவும் போகிறீர்கள், வெட்டும்போது உள்ளே பார்த்துக்கொள்ளலாமே! இரண்டு சேலையின் கூலியைப் படத்துக்குக் கொடுக்க வேண்டுமா, டாக்டரம்மா?" என்றார். அந்த வினா பிழையன்று. எம் நெஞ்சிலும் அதுவே இருந்தது.

அம்மையார் ஒரு தாளிற் கருப்பையை வரைந்து காட்டினார். உள்ளே அகப்படலம், அதனைச் சூழத் தடித்த தசைச்சுவர், அதற்குப் புறத்தே மெல்லிய உறை. புற்று அகப்படலத்திலே தோன்றித் தசைச்சுவரினுள் வேரோடும். சுவரின் பாதிக்கு உள்ளேயே நின்றதா, பாதியைக் கடந்ததா என்பதே முதல் வினா. சுவரின் புறப்பாதியில் நிணநீர்க்குழாய்கள் மிகுதியாக உள்ளமையால், அங்கு எட்டிய நோய் கணுக்களுக்கும் பரவ எளிது. கருப்பையின் கழுத்தைப் பற்றியதா, சூற்பையைத் தொட்டதா, நிணநீர்க்கணுக்கள் வீங்கியுள்ளனவா, நுரையீரலிலோ கல்லீரலிலோ புள்ளிகள் உண்டா என்பன அடுத்த வினாக்கள். கழுத்தைப் பற்றியிருப்பின் அறுவையின் எல்லை விரியக்கூடும். தொலைவிற் பரவியிருப்பின், கத்தியை முதலில் எடாது மருந்தைக் கொண்டு தொடங்கவும் நேரும். இவற்றை அறியாது வயிற்றைத் திறந்தபின், "இதற்கு யாம் ஆயத்தமாக இல்லை" என்று மூடுவதால் வருந்துபவர் நோயாளியே.

அவர் மற்றொன்றும் கூறினார். முன்னாளில் இடுப்புக்குழியிலுள்ள கணுக்களை முழுதும் களைந்து வந்தனர். நோய் தொடக்கநிலையில் உள்ளார்க்கு அவ்வாறு களைவதால் வாழ்நாள் நீளவில்லை என்று 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகள் காட்டின. களைந்தவருட் சிலர்க்குக் காலில் நீர் தங்கி நீங்கா வீக்கம் உண்டாகும். ஆகவே படத்தில் நோய் பரவாமை தோன்றினால், பச்சைச் சாயம் ஒன்றைச் செலுத்தி, அச்சாயம் முதலிற் சென்று சேரும் காவற்கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தல் கூடும். கணுவிற் பரவிய நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அம்முறையால் அகப்பட்டதென 2017இல் வெளியான ஆய்வொன்று கண்டது. குழித்தறியில் இறங்கிக் காலாற் பலகை மிதித்து நெய்பவருக்குக் கால் வீங்கினால் தொழில் ஏது? மாமா இதனைக் கேட்டபின் வாய் திறக்கவில்லை.

அத்தைதான் பேசினார்: "மடித்து வைத்த பட்டுச்சேலையில் எண்ணெய் சிந்தினால், மேல்மடிப்பைப் பார்த்து எத்தனை மடிப்பு நனைந்தது என்று சொல்ல முடியுமா? அதைப் பார்க்கத்தான் படம். அப்படித்தானே, அம்மா?" என்றார். "இதைவிட நன்றாக எனக்கே சொல்ல வராது" என்று மருத்துவர் நகைத்தார்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தின் ஆற்றலால் ஆகும் படம். நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒழுங்குபட்டு நின்று, வானொலி அலை தாக்கியபின் தம் நிலைக்கு மீளுங்கால் மெல்லிய குறிகளை வெளியிடும். அக்குறிகளைத் தொகுத்து உருவம் ஆக்கலாமென்று பால் லாட்டர்பர் 1973இல் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதனை விரைவுபடுத்தினார். இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். எக்ஸ் கதிர் இதிற் சிறிதும் இல்லை. மென்தசைகளின் வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுதலால், கருப்பைச் சுவரின் ஆழத்தை அறிதற்கு இதுவே சிறந்த படமாகக் கருதப்படுகின்றது.

குறித்த நாளில் அத்தை தாம் நெய்த சேலைகளுள் ஒன்றை உடுத்தி வந்திருந்தார். காந்தத்தின் அருகே உலோகம் ஆகாதென்று, வளையல், ஊக்கு, கம்மல் யாவற்றையும் கழற்றச் சொன்ன பணிப்பெண், சேலையையும் மாற்றச் சொன்னார். சரிகையில் வெள்ளியிழை உண்டன்றோ! வாழ்நாள் முழுதும் சரிகையோடு பழகிய கைகள் அச்சேலையை மடித்து எம்மிடம் தந்தன. இறுதியாகச் சிலுவை பொறித்த தம் தாலியையும் கழற்றி, ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்து, மாமாவிடம் கொடுத்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அதனைக் கழற்றியது அன்றே முதன்முறை என்று மாமா பின்னர்க் கூறினார். முக்கால் மணி நேரம் அவ்வறையிலிருந்து தட்டும் ஓசையும் இரையும் ஓசையும் மாறி மாறிக் கேட்டன. வெளியே வந்த அத்தை, "நம் தறியைவிட இரைச்சல்" என்றார்.

இனி எம் பிழையைக் கூறுவோம். இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. மாலையில் வீட்டார் யாவரும் சூழ்ந்திருந்தனர். யாம் விரைந்து படித்தோம். நோய் தசைச்சுவரின் பாதிக்கும் குறைவாகவே ஊடுருவியுள்ளது போல் தோன்றுகிறதென்றும், சுவரில் நார்க்கட்டி ஒன்று இருத்தலால் அவ்விடத்தே எல்லையைத் துணிதல் அரிதென்றும், கணுக்கள் வீங்கியிருக்கவில்லை என்றும் அதில் இருந்தன. அத்தையின் முகத்தை நோக்கினோம். "பாதியைத் தாண்டவில்லை, அத்தை. கணுவிலும் ஒன்றும் இல்லை" என்றோம். அவர் கண்ணீருடன் ஜெபித்தார். மாமா தெருவெல்லாம் சொல்லி வந்தார்.

அறுவை நன்கு முடிந்தது. கருப்பையும் சூற்பைகளும் கருக்குழாய்களும் காவற்கணுக்களும் எடுக்கப்பட்டன. பத்து நாள் கழித்து நுண்ணோக்கியின் தீர்ப்பு வந்தது. கணுக்கள் தூயன. ஆனால் பதினைந்து மில்லிமீட்டர்ச் சுவரில் நோய் ஒன்பது மில்லிமீட்டர் சென்றிருந்தது; பாதியைக் கடந்துவிட்டது. ஆதலின் நோய் மீளாதிருத்தற்பொருட்டு, உள்ளிருந்து செலுத்தும் கதிர்ச்சிகிச்சை மூன்று முறை வேண்டுமென்றனர். அத்தை எம்மை நோக்கி, "அன்று இல்லை என்றாயே, தம்பி" என்றார். அவ்வளவே. பின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்நான்கு சொற்களும் எம் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை.

யாம் மருத்துவரிடம் சென்று, படம் பொய்யுரைத்ததோ என்று சினந்து வினவினோம். அவர் பழைய அறிக்கையை எடுத்து, 'போல் தோன்றுகிறது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின்மேல் விரலை வைத்தார். "படம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அளவு சொன்னது; தெரியாததையும் சொன்னது. உங்கள் அத்தைக்கு இந்தச் சொல்லைச் சொன்னீர்களா?" என்றார். எம்மால் விடை கூற இயலவில்லை.

ஆழ்ந்த ஊடுருவலை எம்.ஆர்.ஐ. ஏறக்குறைய ஐந்தில் நான்கு முறை சரியாகக் கண்டுகொள்ளும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சிய ஒரு முறையில் நார்க்கட்டியோ, முதுமையால் மெலிந்த சுவரோ, உள்ளே திரண்ட கட்டி சுவரை இழுத்து நீட்டுதலோ கண்ணை மயக்கும். கணுக்களையும் படம் அவற்றின் பருமனைக் கொண்டே பெரும்பாலும் மதிக்கும். சிறிய கணுவில் ஒளிந்த நோய் தப்பும், காசநோய் முதலியவற்றால் வீங்கிய கணு புற்றுப்போல் மயக்கும். இதனாலன்றோ உலகப் பெண்நோய் மருத்துவக் கூட்டமைப்பு நோயின் நிலையை அறுவைக்குப் பின்னரே வரையறுக்கின்றது! 1971இல் வகுத்த முறையில், கருப்பையின் உட்குழி எட்டுச் சென்டிமீட்டருக்கு மேற்பட்டதா என்று கோல்விட்டு அளந்து நிலை கூறினர். அது போதாதென்று கண்டு, 1988 முதல் அறுவையில் எடுத்த உறுப்பை ஆராய்ந்தே நிலையைத் துணிந்து வருகின்றனர். 2009இலும் 2023இலும் அம்முறையைத் திருத்தினர். படம் வழி காட்டும். தீர்ப்பை நுண்ணோக்கி வழங்கும்.

அவ்வாறாயின் படம் வீணோ? அன்று. அதனாலேயே நோய் நுரையீரலிலும் கல்லீரலிலும் இல்லையென அறுவைக்கு முன்னரே அறிந்தோம்; அதனாலேயே காவற்கணு முறை தேர்ந்தெடுக்கப்பட்டு அத்தையின் கால்கள் காக்கப்பட்டன. முதற்கண்ட மருத்துவமனையில் அவ்வியாழக்கிழமையே அறுத்திருப்பின், புற்றென்பதே பின்னர்த்தான் தெரிந்திருக்கும்; கணுக்களைச் சோதிக்க மீண்டும் ஒரு முறை வயிற்றைத் திறக்கவும் நேர்ந்திருக்கும். குறை படத்தினது அன்று. அதன் சொல்லைக் குறைத்துரைத்த எம்முடையதே.

உவமைப்பொருள் தராது நிற்கும் 'போல்' என்னும் சொல்லை ஒப்பில் போலி என்று தொல்காப்பியர் குறித்து, உரையசையின்பாற் சேர்த்தார். வகுப்பில் அதனைக் கற்றபோது, பொருளற்ற அசையென்று எளிதாகக் கடந்து சென்றோம். எம் இல்லத்தில் அவ்வொரு சொல்லே பொருள் முழுவதையும் தாங்கி நின்றது. 'தாண்டவில்லை போலும்' என்று கூறியிருப்பின் அத்தை ஏமாந்திரார். தமிழ் கற்ற யாமே அதனை விழுங்கினோம்.

அன்றிரவே அத்தையிடம் யாவற்றையும் ஒப்புக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "நீ என்னைத் தேற்றத்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனால், தறியில் இழை அறுந்தால் அறுந்தது என்று சொல்லுகிறவன்தான் பக்கத்தில் வேண்டும், தம்பி" என்றார்.

இவற்றை வெளியிட்டு எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. திண்டிவனத்தில் தம் தந்தையாரின் இல்லத்தில் தங்கியிருந்த இளநங்கையாகிய ஐடா ஸ்கட்டர், ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மடியக் கண்டார். ஆண் மருத்துவர் தம் மனைவியரைத் தொடுதல் கூடாதென்று அவர்தம் கணவர் மறுத்தமையே காரணம். அவ்விரவே அவரை மருத்துவராக்கிற்று. 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய பணியே இன்று வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954இல் தோன்றியது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. மருத்துவர் உளர்; கருவிகள் உள. நாணம் என்னும் கதவு மட்டுமே இன்னும் பல வீடுகளில் திறக்கப்படாதிருக்கின்றது. எம் அத்தை மறைத்த ஐந்து திங்களில் நோய் எத்துணை மில்லிமீட்டர் ஆழ்ந்ததென்பதை எக்கருவியாலும் இனி அளத்தல் இயலாது.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்துத் தாயரும் பாட்டியரும் அத்தையரும் மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டால் மறைக்கவேண்டாவென்று இன்றே கூறுங்கள். அறுவைக்கு முன் படம் எடுக்க மருத்துவர் பணித்தால், அது காலத்தாழ்ச்சியன்று, ஆழம் அறிதல் என்று எடுத்துரையுங்கள். அறிக்கையைப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வாய்க்குமாயின், அதிலுள்ள ஐயத்தையும் விடாது சொல்லுங்கள். அன்பு உண்மையைக் குறைத்தற்கு உரிமை பெற்றதன்று.

அத்தை இப்பொழுது மீண்டும் தறியில் அமர்கின்றார். மூன்று திங்களுக்கு ஒருமுறை செங்கற்பட்டு வழியாக இரயிலில் சென்னைக்குச் சோதனைக்கு அழைத்துச் செல்கின்றோம். ஒவ்வொரு முறையும் தாள் எம் கைக்கு வந்தவுடன் அவர் கேட்பது ஒன்றே: "தம்பி, இதில் 'போலும்' உண்டா?" இருந்தால் உண்டென்கிறோம், இல்லையேல் இல்லையென்கிறோம். அவர் தலையசைத்து, கைப்பையில் அத்தாளை மடித்து வைத்துக்கொள்கின்றார்.